பாட்டைத் தாங்கும் நான்கு தந்திகள்



மாலை நேரம். வேலை முடிந்து, குளித்துவிட்டு, அப்பா வாசற்படியில் சற்றே ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மகன் ஒரு மேல்நாட்டு ராக் பாட்டை வைக்கிறான். “என்னடா இது, ஒரே இரைச்சல்! குறைத்து வை!” என்று அப்பா குரல் கொடுக்கிறார். மகனும் குறைத்துவிடுகிறான். பாடகரின் குரல் மறைந்துபோகிறது. கித்தாரின் கூர்மையான ஓசையும் மறைந்துபோகிறது. ஆனால் பலகைச் சுவரைத் தாண்டி ‘தும்... தும்...’ என்று ஒன்று மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. அப்பாவுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறிது நேரத்தில் அவருடைய கால் விரல் அவரை அறியாமலே அந்தத் ‘தும்’முக்குத் தாளம் போடத் தொடங்கிவிடுகிறது!

அந்தத் ‘தும்’ என்ற ஒலியைத் தருவது பேஸ் கித்தார் என்னும் வாத்தியம். இன்றைய உரையில் அந்த வாத்தியத்தைப் பற்றியும், அதை வாசித்து உலகத்தின் காதைத் திருப்பிய ஐந்து பேரைப் பற்றியும் பேசப்போகிறேன். அவர்களுள் சிலர் மேடையில் வாசித்தவர்கள், சிலர் யார் கண்ணிலும் படாத ஒலிப்பதிவு அறையில் வாசித்தவர்கள். அவர்களுள் ஒருவருடைய பெயர், அவருடைய வாசிப்பை உலகமே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், இசைத்தட்டில் அச்சிடப்படவே இல்லை. அந்தக் கதையையும் சொல்கிறேன்.

முதலில் வாத்தியத்தைத் தெரிந்துகொள்வோம்.

சாதாரண கித்தாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கித்தாருக்குப் பெரும்பாலும் நான்கு தந்திகள்தாம். தந்திகள் தடித்தவை, நீளமானவை. தந்தி எவ்வளவு தடிப்பாகவும் நீளமாகவும் இருக்கிறதோ, அவ்வளவு மெதுவாக அது அதிரும். மெதுவாக அதிர்ந்தால் ஒலி தாழ்ந்து வரும். சாதாரண கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி அதில் சரிபாதி, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிர்கிறது. நம் இசையில் சொல்வதானால், இது ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கிறது.

அப்பா ‘குறைத்து வை’ என்று சொன்ன பிறகும் அந்த ஒலி மட்டும் ஏன் சுவரைத் தாண்டி வந்தது? அந்தத் தாழ்ந்த ஒலியின் ஓர் அலை காற்றில் 27 அடி நீளம் வரை விரிகிறது. அவ்வளவு நீண்ட அலையை மெல்லிய பலகைச் சுவர் தடுக்க முடியாது. ஆகையால், லயத்து வீட்டில் வசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டு உங்களுக்கு மெதுவாகக் கேட்டாலும், பக்கத்து வீட்டில் தூங்கும் பச்சைக் குழந்தைக்கு இந்தத் ‘தும்’ கேட்கும். இரவு நேரத்தில் அதையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, இந்த வாத்தியத்திற்குக் குழுவில் என்ன வேலை? டிரம்ஸ் தாளத்தைச் சொல்கிறது. கித்தாரும் பியானோவும் பல சுவரங்களைச் சேர்த்து ‘கார்டு’ என்னும் கூட்டொலியை எழுப்புகின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பேஸ். கூட்டொலிக்கு அடிச்சுவரம் எது என்பதை அது சொல்ல வேண்டும். அதைத் தாளத்தோடு பிசகாமல் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் தம்புரா ஒரே சுருதியை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும். பேஸ் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. பாட்டு நடக்கும் வழியெல்லாம் அதற்கு அடியில் கூடவே நடக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ, பாட்டுக்குப் பேஸ் அப்படி. அஸ்திவாரத்தை யாரும் பார்த்துப் பாராட்டுவதில்லை. ஆனால் அது சரிந்தால் வீடே சரிந்துவிடும்.

ராக் இசை பிறப்பதற்கு முன்பு இந்த வேலையை ஆள் உயரமுள்ள ஒரு பெரிய மர வாத்தியம் செய்துவந்தது. வயலினைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. கித்தாருக்கு மின்சாரம் வந்த பிறகு, அதன் சத்தத்தில் இந்த மர வாத்தியத்தின் ஒலி அமுங்கிப்போயிற்று.

இதற்கு வழி கண்டவர் ஒரு வானொலி பழுதுபார்ப்பவர் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார் லியோ ஃபெண்டர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ஆனால் கருவி தெரியும், கருவி செய்பவனின் கஷ்டமும் தெரியும். 1951ஆம் ஆண்டில் அவர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின்சாரப் பேஸ் கித்தாரை வெளியிட்டார். தந்திக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். இரும்புத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மின்சாரம் எழுகிறது. அது ஒலிபெருக்கிக்குப் போய் ஒலியாகிறது. வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல் இதிலும் மெட்டுகள் வைத்தார். விரலைச் சரியான மெட்டில் வைத்தால் சுவரம் பிசகாது. ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம். அதனால்தான் அந்தப் பெயர்.

கருவி வந்துவிட்டது. அதைப் பேச வைத்தவர்களைப் பார்ப்போம்.

முதலாமவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் எடிஸ்டோ என்ற தீவில், கறுப்பின மக்கள் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி, குச்சியை எறும்புப் புற்றில் ஊன்றி, பட்டையைச் சுண்டி எறும்புகளை ஆட வைப்பாராம்! ரப்பர் நமக்குப் பழகிய பொருள். அதில் இசை பிறக்கும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

1954ஆம் ஆண்டில் அவர் கார் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகருக்குச் சென்றார். அங்கே பள்ளியில் படிக்கும்போது அந்தப் பெரிய மர வாத்தியத்தைக் கற்றார். 1959இல் அதே நகரில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் தோன்றியது. ஒரு சாதாரண வீட்டுக்குள்ளேயே அதன் ஒலிப்பதிவு அறை இருந்தது. அங்கே நாள்தோறும் வேலைக்கு வந்து வாசிக்கும் ஒரு வாத்தியக் குழு இருந்தது. ஜேமர்சன் அதில் ஒருவரானார்.

அவர் வாசிப்பின் சிறப்பு என்ன? வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். அந்த ஒற்றை விரலுக்கு நண்பர்கள் ‘கொக்கி’ என்று பெயர் வைத்தார்கள். அறுந்துபோனால் தவிர, தந்திகளை மாற்றவே மாட்டார். பழைய தந்தியில்தான் அவர் விரும்பிய கனமான, மழுங்கிய ஒலி இருந்தது. அவருக்கு முன்பு பேஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அடிச்சுவரத்தை மட்டும் ‘தும், தும்’ என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஜேமர்சன் சுவரத்துக்குச் சுவரம் தாவினார். தாளத்தின் இடைவெளிகளில் நுழைந்து வந்தார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார். ‘மை கேர்ள்’ என்ற புகழ்பெற்ற பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். அதன் தொடக்கத்தில் தனியாக ஒலிப்பது ஜேமர்சனின் பேஸ்தான்.

மோட்டவுன் பாட்டுகள் சோல் என்ற வகையைச் சேர்ந்தவை. ஆனால் ராக் வாசித்த இளைஞர்கள் பலரும் அந்த இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாடம் படித்தார்கள். அந்தத் தட்டுகளில் பாடகர் பெயர் இருந்தது. பாட்டெழுதியவர் பெயர் இருந்தது. வாத்தியம் வாசித்தவர்கள் பெயர் மட்டும் இல்லை. 1971ஆம் ஆண்டில் மார்வின் கே என்ற பாடகரின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பு வந்தபோதுதான் வாசித்தவர்கள் பெயர் அச்சில் வந்தது. ஜேமர்சனை ஒப்பற்றவர் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இடம் மாறியது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். ஆனால் புதிய ஊரில் வேலை குறைந்துகொண்டே வந்தது. குடிப்பழக்கம் அவர் உடலைத் தின்றது. 1983ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா நடந்தபோது, அவர் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, மாடியில் உட்கார்ந்து பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 47 வயதில் காலமானார். ராக் இசைக்கென்று அமெரிக்காவில் உள்ள புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில். அதைப் பார்க்க அவர் இல்லை.

நேயர்களே, யாரோ ஒருவர் உழைப்பில் பொருள் ஊர் ஊராகப் போகும், அந்த ஒருவருடைய பெயர் மட்டும் அதில் இருக்காது. இது நமக்குப் புதிய செய்தி அல்ல. விடியற்காலையில் பால் வெட்டிய கை எது என்று மோட்டார் வண்டியின் சக்கரத்தில் எழுதியிருக்கிறதா? ஆகவே ஜேமர்சனின் வேதனையை மற்றவர்களைவிட நாம் எளிதாகப் புரிந்துகொள்வோம். அவரைத் தின்ற குடியைப் பற்றியும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மதிப்புக் கிடைக்காத வேதனை உண்மையானதுதான். அதற்கு மருந்து அந்தப் புட்டியில் இல்லை என்பதும் உண்மைதான்.

இரண்டாமவர் பால் மெக்கார்ட்னி. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவர். 1942இல் பிறந்தவர். அவருடைய தந்தை பஞ்சு வியாபார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இசைப்பிரியர். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வானொலி கேட்கும்போது, ‘அதோ தாழ்வாக ஒலிக்கிறதே, அதுதான் பேஸ்’ என்பதுபோல் எடுத்துக்காட்டுவாராம். அந்த வீட்டில் நடந்த அந்தச் சிறு பாடம் பிற்காலத்தில் எவ்வளவு பெரிதாக விளைந்தது என்று பாருங்கள்!

பீட்டில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் வேறொருவர். 1961இல் அவர் ஓவியம் படிப்பதற்காக விலகினார். அந்த இடத்திற்கு யாரும் முன்வரவில்லை. பேஸ் என்றால் பின்னால் நிற்கும் வேலை என்ற எண்ணம் அப்போது இருந்தது. கடைசியில் அது மெக்கார்ட்னியின் தோளில் விழுந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏறக்குறைய 30 பவுன் கொடுத்து, வயலின் வடிவத்தில் இருந்த ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். அவர் இடக்கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால், திருப்பிப் பிடித்தாலும் அது விகாரமாகத் தெரியாது.

விருப்பமில்லாமல் வந்த வேலையை அவர் வெறுப்போடு செய்யவில்லை. ‘இதில் இன்னும் என்ன செய்யலாம்?’ என்று தேடினார். பாடகர் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, அதற்கு அடியில் பேஸும் தனக்கென்று ஓர் இனிய மெட்டைப் பாடும்படி செய்தார். 1969இல் வந்த ‘சம்திங்’ என்ற பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். இந்த வித்தையில் ஜேமர்சனே தமக்கு வழிகாட்டி என்று மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வழிகாட்டியின் பெயர் என்ன என்பது நெடுங்காலம் அவருக்குத் தெரியாது! தட்டில் பெயர் இல்லையே, எப்படித் தெரியும்?

இன்னொரு செய்தி. அந்த ஹாஃப்னர் பேஸ் 1972ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வண்டியிலிருந்து களவு போனது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாமல் இருந்தது, ஒரு வீட்டின் பரண்மேல் கண்டெடுக்கப்பட்டு அவரிடமே திரும்பி வந்தது. 2024 பிப்ரவரியில் இச்செய்தி வெளியானது.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. கேரல் கே. 1935இல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே கித்தார் கற்று, பிறருக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். பிள்ளைகளையும் தாயாரையும் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. இரவு விடுதிகளில் வாசிப்பதைவிட ஒலிப்பதிவு அறையில் கூலி நன்றாக இருந்ததால் லாஸ் ஏஞ்சலஸில் அந்த வேலைக்குப் போனார். 1963ஆம் ஆண்டில் ஒருநாள், பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. அங்கிருந்த பேஸை இவர் கையில் எடுத்தார். அன்றிலிருந்து பல்லாயிரக்கணக்கான ஒலிப்பதிவுகள்! பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ என்ற 1966ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அவர் வாசிப்பு இருக்கிறது.

விரலால் அல்லாமல் ‘பிக்’ என்னும் சிறு தகட்டால் தந்தியைச் சுண்டுவது அவர் பாணி. தந்தியின்மேல் கம்பளித் துண்டு ஒன்றைப் படிய வைத்து, ஒலி நீண்டு இழுபடாதபடி செய்வார். அதனால் ஒவ்வொரு சுவரமும் அளந்து வைத்தாற்போல் தெளிவாக விழும். அவருடைய பெரிய பலம் மேல்நாட்டு இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமை. காலையில் ஒரு பாட்டு, மதியம் வேறொரு பாட்டு என்று எதைக் கொடுத்தாலும் வாசிக்க அதுவே கைகொடுத்தது. தாம் கற்றதைப் பாடப் புத்தகங்களாகவும் எழுதினார். 2025ஆம் ஆண்டில் நான் சொன்ன அந்தப் புகழ் மண்டபம் அவருக்கு இடம் அளிக்க முன்வந்தது. அவர் ஏற்க மறுத்துவிட்டார். ஒலிப்பதிவு அறையில் எல்லாரும் சேர்ந்து செய்த வேலையை அந்தக் கௌரவம் சரியாகக் காட்டவில்லை என்பது அவருடைய எண்ணம்.

நான்காமவர் லாரி கிரஹாம். 1946இல் பிறந்தவர். இளம் வயதில் தம் தாயாரோடு சேர்ந்து வாசித்தவர். தாயார் பியானோ வாசித்துப் பாடுவார். மகன் கித்தார் வாசித்துக்கொண்டே, காலால் ஆர்கன் வாத்தியத்தின் மிதிகட்டைகளை அழுத்தித் தாழ்ந்த சுவரங்களையும் கொடுப்பார். ஒருநாள் ஆர்கன் பழுதாகிவிட்டது. சில நாளைக்கு என்று ஒரு பேஸ் கித்தாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கனைச் சீர்செய்ய முடியவில்லை. பேஸ் நிலைத்துவிட்டது. பிறகு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவரும் இல்லாமல் போயிற்று. தாளத்துக்கு என்ன செய்வது? கிரஹாம் கட்டைவிரலால் தந்தியை ஓங்கி அடித்தார். அது பெரிய டிரம் போல் ஒலித்தது. இன்னொரு விரலால் தந்தியைக் கொக்கிபோல் இழுத்துவிட்டார். அது சிறிய டிரம் போல் ‘சடக்’ என்றது. ஒரே வாத்தியத்தில் தாளமும் சுவரமும்! பிற்பாடு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் என்ற குழுவின் மூலம் இந்தப் பாணி உலகம் முழுவதும் பரவியது. இன்றும் உலகமெங்கும் பேஸ் கற்பவர்கள் இதைப் பயில்கிறார்கள். ‘ஸ்லாப்’ என்று இதற்குப் பெயர். குறை ஒன்று வந்தபோது, கையில் இருப்பதைக் கொண்டு அதை நிரப்பப் பார்த்தார். அங்கே ஒரு புதுமை பிறந்தது.

ஐந்தாமவர் ஜான் என்ட்விசில். லண்டனில் 1944இல் பிறந்தவர். த ஹூ என்ற குழுவில் வாசித்தவர். அதற்கு முன்பு வருமான வரி அலுவலகத்தில் எழுத்தர். அந்தக் குழுவின் மற்றவர்கள் மேடையில் குதிப்பார்கள், கித்தாரை உடைப்பார்கள். இவர் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்பார். ஆனால் விரல்கள் மின்னலாய்ப் பறக்கும். ‘இடி விரல்’ என்றே அவருக்குப் பட்டப் பெயர். 1965இல் வந்த ‘மை ஜெனரேஷன்’ பாட்டில் கித்தாருக்குப் பதிலாகப் பேஸ் தனியாவர்த்தனம் செய்கிறது. ராக் இசையில் அது புதுமை. ஜேமர்சன் பழைய தந்தியின் மழுங்கிய ஒலியை விரும்பினார் அல்லவா? என்ட்விசில் நேர் எதிர். தந்தி புதிதாகவும் கணீரென்றும் இருக்க வேண்டும் அவருக்கு. இருவரும் சரிதான். வாத்தியம் ஒன்று, வழிகள் பல. 2002ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

நேயர்களே, இவ்வளவையும் கேட்டபின் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை வையுங்கள். சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரிதான். முதல் முறை பாடகரை மறந்துவிட்டு, தாளத்தை மட்டும் பின்பற்றுங்கள். இரண்டாம் முறை தாளத்துக்கு அடியில் இருக்கும் தாழ்ந்த ஒலியைத் தேடுங்கள். மூன்றாம் முறை அதை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். சிறிய வானொலிப் பெட்டியில் தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்காது, ஏனெனில் அதன் சிறிய ஒலிபெருக்கியால் போதிய காற்றை அசைக்க முடியாது. பெட்டியைச் சுவரின் மூலையில் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த ஒலி சற்று வலுவாக வரும்.

பேஸ் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உடனே புதிய வாத்தியம் வாங்கித் தரும்படி பெற்றோரை நெருக்காதீர்கள். சாதாரண கித்தாரின் தடித்த நான்கு தந்திகளும், பேஸ் கித்தாரின் நான்கு தந்திகளும் ஒரே சுவரப் பெயர்களில்தான் கட்டப்படுகின்றன. பேஸ் ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதான். ஆகையால் வீட்டிலோ நண்பரிடமோ பழைய கித்தார் ஒன்று இருந்தால், அந்த நான்கு தந்திகளிலேயே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகனோ மகளோ கேட்கும் பாட்டு உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “இதில் அந்தத் ‘தும்’ என்று வருகிறதே, அதை வாசிப்பது யாரப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். லிவர்பூலில் ஒரு தந்தை தம் மகனுக்குச் சுட்டிக்காட்டிய அதே ஒலிதான். இந்த முறை மகன் தந்தைக்குச் சுட்டிக்காட்டட்டும். அவனுக்கு வாசித்தவரின் பெயர் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடியுங்கள். ஜேமர்சன் உயிரோடு இருந்தபோது பலர் அதைச் செய்யவில்லை. நாம் செய்வோமே.